ஓடியாடும் விடுமுறைக்கு ஓர் இலக்கணம்

இரண்டாம் மாடிக்குப் போக லிஃப்டுக்காகக் காத்து நிற்கிற ஒரு குடும்பம், சுற்றுலா என்று வந்துவிட்டால் மட்டும் 2,243 மீட்டர் உயரமுள்ள மலையை நடுராத்திரியில் ஏறுவதாக ஏன் தீர்மானம் போடுகிறது? சமூகவியலார் இதைத் தொடவில்லை. மருத்துவரைக் கேட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். வேறு வழியில்லாமல் இலக்கணத்தின் துணையோடு இப்பொருளை அணுக இவ்வாய்வு துணிகிறது. களம், இலங்கைத் தீவு. தரவு, அத்தீவுக்குப் போவதென்று முடிவெடுத்த சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்கள். ஆய்வு முறை, அக்குழுக்களில் இருந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருப்பது. களப்பணிகளிலேயே இதுதான் கடினமானது என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள்.

முதலில் வரையறை. ஓடியாடும் விடுமுறையாவது, ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், சொந்தக் காசைக் கொடுத்து எழுந்து நடப்பது. கடலோரத்துச் சாய்வு நாற்காலியில் கிடப்பதும் விடுமுறைதானே, அதை ஏன் விலக்கினீர் எனின், விலக்கவில்லை. யாரும் அழைக்காமலே அது கொஞ்ச நேரத்தில் இக்கட்டுரைக்குள் வரும் என்க.

அகத்திணைக்குப் போலவே இதற்கும் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் உண்டு. முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. அந்தப் பாதிக்குள் மலையும் காடும் வயலும் கடலும் நெருக்கியடித்துக் கிடப்பதால், காலையில் நுவரெலியாவில் ஸ்வெட்டர் போட்டவர் மாலையில் தெற்குக் கரையில் பனியனோடு நிற்கலாம். திட்டம் போடுகிறவரைக் கெடுப்பதும் இந்தச் சிறுமைதான். "கண்டியிலேர்ந்து எல்ல நூத்தி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தானே, ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்" என்று செங்கல்பட்டு–திண்டிவனம் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர் அடித்துச் சொல்வார். மலைப்பாதையில் 4 மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் பின்சீட்டில் யாரும் வாந்தி எடுக்காத பட்சத்தில்.

பொழுது இன்னும் சிக்கல். தென்மேற்குப் பருவமழை மே மாதம் இறங்கி செப்டம்பர் வரை கொழும்பு, காலி, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாவற்றையும் நனைக்கும். அதே வேளையில் கிழக்கே திருகோணமலையும் அறுகம்பேயும் வெயிலில் காயும். வடகிழக்குப் பருவமழைக்கு எல்லாம் தலைகீழ். ஆகவே மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்ப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அறுகம்பேயில் அலைச்சறுக்கு அது முடிகிற இடத்தில் தொடங்கி அக்டோபர் வரை. சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு சரி. அதற்குப் பிறகு படிகளில் விளக்கு எரியாது, டீக்கடைகள் மூடிவிடும், மழையும் காற்றும் மட்டும் கடை திறந்திருக்கும். நம் பள்ளிக்கூட விடுமுறையோ ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ஒரு கரையின் பருவம் முடிகிறது, மறு கரையின் பருவம் சோம்பல் முறிக்கிறது, நடுவில் பிற்பகல்தோறும் இடி மழை. தீவின் வானிலையைக் கரைத்துக் குடித்தவர்கூட இதைவிடக் குழப்பமான சில வாரங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றே: ஏற வேண்டியதையெல்லாம் மதியத்துக்குள் ஏறி முடித்துவிட்டு, மழைக்கு முன் எங்காவது பிளேன் டீயோடு உட்கார்ந்துவிட வேண்டும். இதில் இரண்டாம் பாதியைப் பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

தீவுக்குப் போய்ச் சேரும் வழியையும் குறிப்பிட்டாக வேண்டும். விமானம் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல், விட்டுவிட்டு, உண்டு. இருப்பதிலேயே ஓடியாடும் வழியை 1971-ல் வல்வெட்டித்துறைக்காரரான ஆழிக்குமரன் ஆனந்தன் காட்டிவிட்டார்: பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து தமிழகக் கரையைத் தொட்டு, அப்படியே நீந்தித் திரும்பினார், 51 மணி நேரம். ஆய்வுக்குட்பட்ட எந்தக் குழுவிலும் இவ்வழி பரிந்துரைக்கப்படவில்லை.

இனி இவ்வாய்வின் மையத்துக்கு வருவோம். ஒரு பயணத் திட்டம் பிறப்பது முதல் டிக்கெட் போடப்படுவது வரை அதன் உயரத்தை அளந்துகொண்டே வந்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். அதை இப்படி நூற்பாவாக்கலாம்: பேசப் பேச உயரம் குறையும், குறைந்தது மீளாது. உயரம் என்பது இங்கே காலால் ஏறும் உயரத்தையே குறிக்கும், வேன் ஏறிய உயரம் கணக்கில் வராது என்க.

திட்டத்தைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் குடும்பத்தின் இளைய மாப்பிள்ளை. கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பார். "சிவனொளிபாதமலை! அடிவாரம் நல்லதண்ணியிலேர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஏற ஆரம்பிச்சா சூரியோதயம் உச்சியில" என்று பதிவு போடுகிறார். உதயத்தின்போது மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின்மேல் விழும் என்று படமும் போடுகிறார். கட்டைவிரல்கள் மளமளவென்று எழும்புகின்றன. அதன் பிறகு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"எத்தனை படி மாப்ளே?"

"ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கும் அத்தை."

குழுவில் நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. வெகுநேரம் கழித்துச் சித்தப்பா எழுதுகிறார்: "ஏறிடலாம். எறங்கும்போதுதான் முட்டி." இது மருத்துவ ரீதியாகவும் சரி, இறங்குமுகத்தில்தான் முழங்காலின் மீது பாரம் கூடும். 1344-ல் இபின் பதூதா இதே மலையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்ப் பாதத்தடத்தைத் தரிசித்தார். ஆதமின் பாதம் என்று அவர் நம்பினார், புத்தரின் பாதம் என்று பௌத்தர்கள், சிவனின் பாதம் என்று நாம். அந்த மொராக்கோக்காரருக்கு வாய்த்த பெரிய வசதி, அவருக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது.

மறுநாள் திட்டம் ஹோர்ட்டன் சமவெளிக்கு மாறுகிறது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு. கீழே ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம். சுற்றி வர 9 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். வேனே 2,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லோருக்கும் சம்மதம், நேரத்தைச் சொல்லும் வரை. காலை 9, 10 மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறிவிடும். பிறகு பள்ளமும் தெரியாது, உலகமும் தெரியாது, வெள்ளைச் சுவர்தான். ஆகவே நுவரெலியாவை விடியுமுன்னே விட்டாக வேண்டும். "லீவுலயும் நாலு மணிக்கு எந்திரிக்கவா?" என்று அண்ணி கேட்கிறார். ஆண்டு முழுக்க டிபன் பாக்ஸ் கட்டுவதற்காக ஐந்து மணிக்கு எழுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் இதற்கு யாரும் மறுமொழி சொல்லத் துணிவதில்லை. போதாக்குறைக்கு, பூங்கா வாசலில் பிளாஸ்டிக் உறைகளையெல்லாம் கழற்றி வாங்கிக்கொள்வார்கள் என்ற செய்தியும் வந்து சேர்கிறது. முறுக்கை எதில் கொண்டுபோவது என்ற விவாதத்தில் உலக முடிவு முடிவுக்கு வருகிறது.

பிறகு எல்லப் பாறை. அதில் வழி தவறும் என்று யாரோ யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் திட்டம் குட்டி ஆதாம் சிகரத்தில் வந்து தங்குகிறது. இதன் நுட்பம் பாராட்டத்தக்கது. சிகரத்தின் உயரம் 1,141 மீட்டர். அடிவாரத்து எல்ல ஊரே 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏற வேண்டியது ஏதோ நூறு மீட்டர், அதுவும் தேயிலைத் தோட்டத்து நடுவே நல்ல பாதை, முடிவில் படிகள். ஆனால் முகநூலில் 'ஆதாம் சிகரம்' என்று போட்டுக்கொள்ளலாம். 'குட்டி'யை விட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? திட்டம் இதற்கும் கீழே இறங்கினால் மிச்சமிருப்பது பெந்தோட்டையில் கடலைப் பார்த்த ஹோட்டலின் நீச்சல்குளமும் சாய்வு நாற்காலியும். முன்பே சொன்னோம், தானே வரும் என்று.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் சோம்பேறித்தனம் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறுப்பு உரிமை உண்டு. மறுப்பு எதுவும் உயரத்தைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். ஆகவே நூறு பயில்வான்கள் கூடித் திட்டம் போட்டாலும், எந்தப் பயில்வானுக்குக் கால் சுளுக்கோ அவர் உயரத்தில்தான் போய் நிற்கும்.

உயரம் குறையக் குறையப் பட்டியல் நீளும் என்பது இதன் கிளை விதி. மலை போன இடத்தில் மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டம், பின்னவல யானைகள், இரத்தினக் கல் கடை, பத்திக் துணிக் கடை எல்லாம் வந்து குடியேறும். குறையாத ஒன்று உண்டு: சிவனொளிபாதமலைக்கென்று வாங்கிய ஷூக்கள். அவை குடும்பத்தோடு பெந்தோட்டைக்குப் போய், மணலில் ஒருமுறை காற்றாடிவிட்டுத் திரும்பும்.

எஞ்சிய செயல்களுக்கு என்ன ஆகிறது என்பதை நோக்கும்போதுதான் இலக்கணத்தின் உதவி முழுதாகத் தேவைப்படுகிறது. முதல் திட்டத்தின் வினைகள் எல்லாம் தன்வினை: ஏறுவோம், ஓடுவோம், ஆடுவோம். இறுதித் திட்டத்தில் அதே வினைகள்தாம், ஆனால் பிறவினை. நாம் மலை ஏறமாட்டோம், ஜீப்பில் ஏற்றுவார்கள். ஓடமாட்டோம், டிரைவர் ஓட்டுவார். ஓடியாடும் விடுமுறை இவ்வாறு ஓட்டியாட்டும் விடுமுறையாகத் திரிகிறது. யால காட்டில் சிறுத்தை ஓடும், நாம் ஜீப்பில் இருப்போம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் நீந்தும், நாம் படகில் வாந்தி எடுப்போம். வினைமுற்று பிழைத்துக்கொள்ளும், எழுவாய்தான் மாறிவிடும்.

இவ்விதிக்கு நல்ல சான்று கித்துல்கல. களனி ஆற்றின் கரை ஊர். 1957-ல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் பாலத்தைக் கட்டித் தகர்த்த இடம். இன்று அங்கே ரப்பர் படகில் சீறும் நீரில் பாய்வதுதான் பெரிய விளையாட்டு. முட்டியைக் காட்டி மலையை மறுத்தவர்கள் அத்தனை பேரும் இதற்கு ஒப்புக்கொள்வதை ஆய்வாளர்கள் வியப்போடு நோக்கலாம். நீச்சல் தெரியாத மாமாகூட லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறார். வியப்பில்லை. ஆற்றின் சரிவு வேலை செய்கிறது, வழிகாட்டி பின்னாலிருந்து திருப்புகிறார், மாமா துடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். உட்கார்ந்தபடியே வீரச்செயல் புரிய உலகில் இடங்கள் குறைவு.

கருப்பொருளில் தலையாயது அட்டை. 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜ வனத்துக்குள் காலடி வைத்தவர்கள் இதை அறிவார்கள். மழை ஓய்ந்த பாதையில் குனிந்து பார்த்தால் சருகு நுனியில் கறுப்பாக ஒரு நூல் எழுந்து நிற்கும். பின்பக்கத்து உறிஞ்சியைச் சருகில் ஊன்றி, முன்பக்கத்தைக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டும். நம் காலடி அதிர்வும் மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் அதற்குத் தகவல். பிறகு ஜவுளிக்கடைக்காரர் துணியைச் சாண் போட்டு அளப்பதுபோல அளந்துகொண்டே வந்து சாக்ஸின் நெசவுக்குள் புகுந்துவிடும். கடித்தது தெரியாது. இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால், வயிறு நிரம்பி அது உதிர்ந்த பின்னும் கசிவு நிற்காது. ஈரமாக இருக்கிறதே என்று பார்க்கும்போதுதான் அலறல். சித்த மருத்துவத்தில் அட்டை விடுதல் என்று இதற்குத் தனிச் சிகிச்சையே உண்டு என்று பெரியப்பா ஆறுதல் சொல்வார், கடிபடாத பெரியப்பா. முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணி உறை, உப்பு, எலுமிச்சை, ஊர்க்காரர்கள் தடவிக்கொள்ளும் சித்தாலேப தைலம் ஆகியவை காப்பு. வரிசையில் முதலில் போகிறவர் அட்டையை எழுப்பிவிடுகிறார், கடி வாங்குகிறவர்கள் பின்னால் வருகிறவர்கள் என்பது வழிகாட்டிகள் சொல்வது. இந்தச் செய்தி காதில் விழுந்த கணத்தில் குடும்பத் தலைமை எவ்வளவு விரைவாக முன்வரிசைக்கு வந்துவிடுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

சிகிரியாவின் கருப்பொருள் குளவி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கோட்டை கட்டிய பாறை. சுமார் 1,200 படிகள். சத்தம் போட்டால் குளவி கலையும் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். மூன்று குடும்பம் சேர்ந்து போகும்போது சத்தம் போடாமல் ஏறுவது 1,200 படிகளைக் காட்டிலும் கடினம். அங்கே கண்ணாடிச் சுவர் என்றொன்று. பழங்காலத்தில் வந்து போனவர்கள் அதில் பாட்டுக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றில் 685 பாட்டுகளைத் தொல்லியலாளர் பரணவிதான படித்து 1956-ல் பதிப்பித்தார். பெரும்பாலும் மேலே தீட்டியிருக்கும் ஓவியப் பெண்களைப் பற்றியவை. சுற்றுலா போன இடத்தில் பின்னூட்டம் போடும் பழக்கம் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது என்பதற்கு இதைவிடத் தொல்லியல் சான்று வேண்டுமா?

உரிப்பொருளுக்கு வருவோம். குறிஞ்சிக்குப் புணர்தல் போல, இதற்கு மூச்சு வாங்கலும் மூச்சு வாங்கல் நிமித்தமும். முன்னது விளங்கும். நிமித்தமாவன: குனிந்து ஷூ கயிற்றைக் கட்டல், வழிகாட்டியிடம் பறவையின் பெயர் கேட்டல், தண்ணீர் பாட்டிலைப் பிறருக்கு நீட்டல், "என்னா வியூ" எனல். நான்காவதைச் சொல்லும்போது இடுப்பில் கை இருந்தால் அது வியூவைப் பற்றியதன்று என உணர்க.

இவ்வுரிப்பொருளைச் சோதிக்கப் பொருத்தமான இடம் பெக்கோ டிரெயில். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதை, 22 கட்டங்கள். தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்ததுதான் இது. பாதையில் ஓரிடத்தில் இரண்டு கைத்தடிகளோடு ஆய்வாளர் நிமித்தத்தில் ஈடுபட்டிருந்தபோது, தலையில் பட்டி மாட்டிக் கொழுந்து மூட்டையை முதுகில் தொங்கவிட்ட அம்மா ஒருவர் கீழிருந்து ஏறி வந்தார்.

"எங்க ஐயா போறீங்க?"

"நடக்கத்தாம்மா."

"வேன் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. சும்மா நடக்கிறோம்."

அவர் ஷூவைப் பார்த்தார், தடிகளைப் பார்த்தார். "ரெண்டு குச்சி எதுக்கு?"

"கால் வலிக்காம இருக்க."

"கால் வலிச்சா ரோட்டோட போயிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, நிறுக்கிற நேரமாகிவிட்டது என்று மேலே போய்விட்டார். இந்த வாதத்துக்கு மறுப்பு எந்த நூலிலும் கிடைக்கவில்லை. அவருடைய முன்னோர்கள் காப்பித் தோட்டக் காலத்தில் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கடல் தாண்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார், ஈராண்டில் காப்பிக்கு இலைநோய் வந்தது, பயிர் மாறியது, முதுகுச் சுமை மாறவில்லை. 2023-ல், அப்படி வந்த இருநூறு ஆண்டு நினைவாக, அவர்கள் வழிவந்த மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். தன்வினை என்றால் இதுதான். இவ்வியலில் வேடிக்கைக்கு இடமில்லாததால் அடுத்ததற்குப் போகிறோம்.

இறுதியாகப் புறனடை. குறைந்த உயரம் மீளாது என்றோம். மீண்ட நேர்வு ஒன்று உண்டு. திட்டம் நீச்சல்குளத்தில் நிலைகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுவரை குழுவில் 'குட் மார்னிங்' படம் மட்டுமே போட்டுவந்த பாட்டி, பேத்தியின் செல்போனில் குரல் பதிவு அனுப்பினார். "ஏன்டா, அந்த மலையில சிவன் பாதம் இருக்காமே? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

ஆய்வுலகம் இதுவரை கவனிக்காத ஓர் உண்மை இங்கே வெளிப்படுகிறது. உலக முடிவின் 9 கிலோமீட்டருக்கு மறுத்த அதே அத்தை திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செருப்பில்லாமல் போகிறவர். இறங்கும்போது முட்டி என்ற அதே சித்தப்பா வருஷா வருஷம் வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி இறங்குகிறவர். முட்டி வேண்டுதலுக்கு மடங்கும், பொழுதுபோக்குக்கு மடங்காது. மாப்பிள்ளை செய்த பிழை, மலையைச் சாகசம் என்று அறிமுகப்படுத்தியது. நேர்த்திக்கடன் என்று ஒரு வரி போட்டிருந்தால் அன்றைக்கே டிக்கெட் எடுத்திருப்பார்கள். மலையிலும் அப்படித்தான்: ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்திருக்க, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டிகள் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி அவர்களைத் தாண்டிப் போவார்கள்.

குரல் பதிவுக்குப் பின் திட்டம் ஒரே இரவில் நீச்சல்குளத்திலிருந்து 2,243 மீட்டருக்கு ஏறியது. அதோடு நிற்கவில்லை, ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டு, திருக்கேதீச்சரமும் திருக்கோணேச்சரமும், அவற்றை விட்டுவிட்டு வருவதா என்று பாட்டி கேட்க, தீவின் இரு கரைகளும் சேர்ந்துகொண்டன. பௌர்ணமியில்தான் ஏற வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. போயா என்கிற அந்தப் பௌர்ணமி நாளில் கூட்டம் நெரியும், படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும் என்று மாப்பிள்ளை எக்செல் தாளைக் காட்டி மன்றாடினார். "கூட்டம் இல்லாத எடத்துல சாமிக்கு என்ன வேலை?" என்று அது தள்ளுபடியானது. உச்சியில், எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டதும், இதுவரை ஏறிய பழனி, திருத்தணி எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கலாமா என்று பாட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறார். புளியோதரையை யார் தூக்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை. எல்லோரும் வெறுங்காலோடு ஏறுவதாக உறுதியாகியிருப்பதால், நல்லதண்ணியில் தங்கிச் செருப்புகளுக்கும் அந்தப் புது ஷூக்களுக்கும் காவல் இருக்க இவ்வாய்வாளர் முன்வந்துள்ளார்.